பிழைத்தல்

பிழை என்ற சொல்லுக்குக் குற்றம் என்று பொருள் கூறுகிறோம். அதையே வினையாக்கிப் பிழைத்தல் என்றால், குற்றம் செய்தல் என்றும் வரும். உயிர் தப்புதல் என்றும் வரும். வேலை தேடிச் சோறுண்டு வாழ்தல் என்றும் வரும். பழைய நூல்களில் குறி தவறுதல் என்ற பொருளும் உண்டு. அம்பு பிழைத்தால் மான் பிழைத்தது. இந்த ஒரு தொடரிலேயே சொல்லின் இரண்டு முகங்களும் தெரிந்துவிடுகின்றன. தப்பு என்ற சொல்லும் இதே வழியில்தான் போகிறது. தப்புச் செய்தவனுக்கும் தப்பி வந்தவனுக்கும் ஒரே வேர். தவறு என்பதில் மட்டும் சற்றுக் கடுமை கூடுதல். "பெரியவர் தவறிட்டாரு" என்று நம் பக்கத்தில் சொன்னால் மாலையோடு புறப்பட வேண்டியதுதான்.

முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வாரத்தில் இந்தச் சொல்விளையாட்டைச் சொல்வது நம் வழக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தென்காசி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் கற்பித்து வருகிறோம். சொன்னவுடன் வகுப்பு சிரிக்கும். "இங்கே பிழை செய்யலாம், பிழைத்துக்கொள்வீர்கள்" என்றால் இன்னும் சிரிக்கும். பிறகு முதல் வினாவைக் கேட்டதும் அறுபது பேரும் மேசையைப் பார்ப்பார்கள். சிரிப்பினால் அச்சம் போவதில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதத்தில் காண்கிறோம்.

அந்த அமைதியை முதலில் சோம்பல் என்று நினைக்கத் தோன்றும். சோம்பல் இருக்கும் இடத்தில் கொட்டாவி இருக்கும். இங்கே விரல்கள் பேனாவை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், சுரண்டை, கடையநல்லூர், செங்கோட்டை என்று பல ஊர்களிலிருந்து காலை ஏழு மணிக்கே பேருந்து ஏறி வருகிறவர்கள். பெரும்பாலானோர் வீட்டில் கல்லூரிப் படி மிதிக்கும் முதல் ஆள். பலருடைய தாய்மார் பீடி சுற்றுகிறார்கள். பீடித் தொழிலை அறிந்தவர்களுக்கு அதன் கணக்கும் தெரியும். இலையும் தூளும் அளந்து கொடுப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சரியில்லை என்று ஒதுக்கப்படும் பீடிக்குக் கூலி கிடையாது. அதற்குச் செலவான இலை செலவானதுதான்.

ஒரு மாணவியிடம் தேர்வில் ஏன் ஐந்து பக்கத்தை வெறுமையாக விட்டாய் என்று கேட்டோம். விடை தெரியாமல் இல்லை. வகுப்பில் அருகிலிருந்தவளுக்கு அவள்தான் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"தப்பாப் போயிருச்சுன்னா அசிங்கம்லா ஐயா" என்றாள். "எழுதலைன்னா தெரியலைன்னு மட்டும்தான நெனைப்பாங்க."

எழுதாமல் விட்டால் சுழியம். தப்பாக எழுதினாலும் சுழியம். ஆனால் முதல் சுழியத்தில் மானம் போகவில்லை என்பது அவள் கணக்கு. ஒதுக்கிய பீடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை போடுகிற கணக்கில் தர்க்கப் பிழை எதுவும் நமக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கு செல்லாத ஓர் இடத்தை வகுப்பறைக்குள் உண்டாக்கிக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. "முயற்சி செய், முன்னேறுவாய்" என்று சுவரில் எழுதி வைப்பதால் அது நடவாது.

சுவர் எழுத்தைப் பற்றிச் சொன்னதும் நினைவு வருகிறது. மாணவர்கள் மிகுதியாகப் பிழைபட எழுதும் சொற்களைப் பட்டியலிட்டால் முதலிடம் பெறும் சொல் 'முயற்சி'தான். பத்தில் ஆறு தாளில் 'முயற்ச்சி' என்று இருக்கும். கடைப் பலகைகளிலும் சுவரொட்டிகளிலும் 'பயிற்ச்சி' இருப்பதை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மையால் அந்த ச் மீது ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டிவிடலாம். மூன்றாண்டு அப்படி இழுத்தாலும் நான்காம் ஆண்டிலும் அந்த ச் வரும்.

ஒரு முறை ஒரு மாணவனிடம் கேட்டோம்: "அந்த ச் எங்கிருந்து வந்தது தம்பி?"

"வளர்ச்சிக்கு இருக்கே ஐயா. மகிழ்ச்சிக்கும் இருக்கு."

எவ்வளவு நேரிய விடை! வளர்ச்சி, மகிழ்ச்சி, உணர்ச்சி என்று எழுதிப் பழகிய கை, அதே ஓசையில் வரும் முயற்சிக்கும் அந்த மெய்யைக் கொடுத்துவிட்டது. அவன் விதியில்லாமல் எழுதவில்லை. ஒரு விதியைத் தானாகக் கண்டுபிடித்து, அது செல்லாத இடத்திலும் செலுத்தியிருக்கிறான். அன்றைய வகுப்பு முழுதும் அந்த ச்-க்கே போயிற்று. ய், ர், ழ் ஆகிய மூன்று மெய்களுக்குப் பின்னால் மட்டும் இன்னொரு மெய் இரட்டித்து நிற்கத் தமிழ் இடம் தருகிறது: காய்ச்சல், வளர்ச்சி, வாழ்க்கை. ற் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. ட் என்பதும் அப்படியே. ஆதலால் 'கட்சி' என்பதில் ச் சேர்ப்பதில்லை. இதை நாம் சொல்லவில்லை. கரும்பலகையில் இருபது சொற்களை இரு பத்தியாக எழுதிப் போட்டோம். அவர்களே அரை மணி நேரத்தில் ய, ர, ழ என்று பிரித்தெடுத்தார்கள். நன்னூலாரும் தொல்காப்பியரும் மெய்ம்மயக்கத்தில் கூறியதை முதலாண்டுப் பிள்ளைகள் ஒரு பிழையின் வாலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

அதன் பிறகுதான் 'பிழையேடு' என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று. தன் கட்டுரையில் நேர்ந்த பிழையை மாணவர் அதில் எழுத வேண்டும்; சரியான வடிவத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும்; மூன்றாவதாக, ஏன் அப்படி எழுதினேன் என்று ஒரு வரி. அந்த மூன்றாவது வரிதான் ஏட்டின் உயிர். "எங்க ஊர்ல வாளப்பளம்னுதான் சொல்லுவோம்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். "ஒவ்வொரு முறையும் சந்தேகம் வந்தால் க் போட்டுவிடுவேன், போட்டால் தமிழ் போல் இருக்கிறது" என்று ஒருவன். வல்லினம் மிகும் இடங்கள் பற்றி இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை வேறெங்கும் நாம் படித்ததில்லை. தாளில் நாம் சிவப்புக் கோடு இழுப்பதையும் நிறுத்திவிட்டோம். பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைப்போம். எந்தச் சொல், எந்த எழுத்து என்று அவர்கள் தேட வேண்டும். சில சமயம் நாம் கருதிய பிழையை விட்டுவிட்டு அதே வரியில் வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். மகிழ்ச்சியான தொல்லை அது.

இந்த இடத்தில் பவணந்தி முனிவரோடு ஒரு சிறு வழக்கு உண்டு. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகையாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் தலை மாணாக்கருக்கு உவமை; மண்ணும் கிளியும் இடை; ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடை. நெய்யரி என்பது பன்னாடை. நெய்யை விட்டுவிட்டுக் கசட்டைப் பிடித்துக்கொள்வது. எட்டு நூற்றாண்டாக வகுப்பறைகளில் இந்த உவமைகள் பிள்ளைகளின் தலைமேல் விழுந்துகொண்டிருக்கின்றன. 'பன்னாடை' இன்றும் வசைச்சொல்லாக வாழ்கிறது. நம் அனுபவத்தில் காலையில் ஓட்டைக் குடமாக இருந்தவன் மாலையில் பசுவாக அசை போடுகிறான். யாப்பில் எருமையாகக் கலக்குகிறவள் நாட்டுப்புறவியலில் அன்னமாக இருக்கிறாள். ஆளுக்கு ஓர் உவமையை ஒட்டிவிட்டால் அப்புறம் கழற்றுவது கடினம்.

ஆனால் அதே பாயிரத்தில் சில நூற்பா தள்ளி, பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது பவணந்தியார் நம் பக்கம் வந்துவிடுகிறார். ஒரு நூலை இருமுறை கேட்டவனுக்கு அதில் மிகுதியாகப் பிழைபாடு இராது என்கிறார். மும்முறை கேட்டால் முறையறிந்து உரைப்பான். அப்படியானால் ஒருமுறை கேட்டவனுக்குப் பிழை நேர்வது இயல்பு என்பதை இலக்கண ஆசிரியரே ஏற்றுக்கொண்டார் என்றுதானே பொருள்? இன்னொரு கணக்கும் தருகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கைவருமாம். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு விரித்துரைப்பதால் வருவது. நாம் மேசைக்குப் பின்னால் நின்று ஒரு மணி நேரம் முழங்கினாலும் நம் பங்கு நாலில் ஒன்றுதான். தம் வகுப்பைப் பற்றி மிகையான எண்ணம் வைத்திருக்கும் ஆசிரியர்கள் (நம்மையும் சேர்த்துத்தான்) இந்த நூற்பாவை அவ்வப்போது படிப்பது நல்லது. விடை தெரிந்தும் எழுதாத அந்த மாணவியை நாம் ஒரு சிறு குழுவுக்குப் பாடம் சொல்ல அமர்த்தியது இந்த அரைப் பங்கை நம்பித்தான். பிறர் பிழையைத் திருத்தும்போது அவளுக்கு வெட்கம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, தானும் ஓரிடத்தில் இடறி, "இரு இரு, நான் சொன்னது தப்பு" என்று அவளே குழுவிடம் சொன்னதை வராந்தாவில் நின்று கேட்டோம்.

*

தென்காசிக்காரர்களுக்குப் பிழை பற்றிய பாடம் ஊர் நடுவிலேயே கல்லில் இருக்கிறது. காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். அவன் பேரில் கோயிலில் கல்வெட்டுப் பாடல்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குக் காட்டி வருகிறோம். பாட்டின் கருத்து இது: இந்தக் கோயிலுக்கு வாராத குற்றம் ஏதேனும் ஒன்று வந்துவிட்டால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராக இருந்தாலும், உலகமறிய அவரைப் பராக்கிரம பாண்டியன் பணிகிறான்.

கோயில் கல்வெட்டுகளில் பொதுவாக ஓம்படைக்கிளவி ஒன்று வரும். தருமத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது போன்ற சாபம். இங்கே சாபம் இல்லை. குற்றம் செய்தவன் யார் என்ற விசாரணையும் இல்லை. குறை வரும் என்பதைக் கட்டும்போதே ஒத்துக்கொண்டு, திருத்த வரப்போகும் முகம் தெரியாத ஒருவன் காலில் அரசன் விழுகிறான். இலக்கணம் படிக்கும் பிள்ளைகளிடம் அந்தப் பாட்டின் வினைமுற்றைப் பார்க்கச் சொல்வோம். பணிவேன் என்று எதிர்காலத்தில் இல்லை, இறந்தகாலத்தில் நிற்கிறது. திருத்துபவன் இன்னும் பிறக்கவில்லை, வணக்கமோ முடிந்துவிட்டது. தெளிவு பற்றி எதிர்காலத்தை இறந்தகாலத்தால் சொல்லும் காலவழுவமைதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு அகப்படவில்லை. வழுவமைதி என்ற பெயரையும் கவனியுங்கள். வழு என்றால் பிழை. அமைதி என்றால் அதை ஏற்றுக்கொள்வது. இலக்கணமே சில பிழைகளுக்கு இருக்கை போட்டு வைத்திருக்கிறது.

அரசன் எதிர்பார்த்த குறை வந்தே விட்டது. இராசகோபுரத்தின் மேல்நிலைகள் அழிந்து, நெடுங்காலம் அது மொட்டைக் கோபுரமாக நின்றது. நம் தலைமுறையினர் சிறு வயதில் அந்தத் தலையற்ற கோபுரத்தைக் கண்டவர்கள். பின்னர் ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. வாயிலில் நுழையும்போது பொதிகைக் காற்று முகத்தில் அறைவதைச் சொல்லாமல் தென்காசியைப் பற்றி யாரும் எழுதியதில்லை, நாமும் சொல்லிவிட்டோம். அந்தக் காற்றில் நின்றுகொண்டு ஒரு மாணவி கேட்டாள்: "அப்பம் ராசா கும்பிட்டது யார ஐயா? மேல கட்டின கொத்தனாரையா, காசு குடுத்தவங்களையா?" நாம் விடை சொல்வதற்குள் இன்னொருத்தி, "யாராயிருந்தாலும்னு போட்டிருக்குல்லா" என்றாள்.

*

மூன்றாம் பருவத்தில் யாப்பு. தமிழிலக்கிய மாணவர்கள் அஞ்சுவது இதற்குத்தான். மாமுன் நிரையும் விளமுன் நேரும் காய்முன் நேரும் வர வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதுவே தேர்வுக்குப் போதும். ஆனால் வெண்பாவைப் படித்து அலகிடுவது வேறு, எழுதுவது வேறு. ஆளுக்கு ஒரு வெண்பா எழுதியே ஆக வேண்டும் என்பது நம் வகுப்பின் எழுதாத சட்டம். நான்கு அடி, மொத்தம் பதினைந்து சீர். பதினைந்து சீரில் ஒரு பிழையும் இல்லாமல் முதல் முறையே எழுதி வந்தவர்களை இத்தனை ஆண்டுகளில் நாம் பார்த்ததில்லை. யாருக்கும் வாராது என்பதாலேயே யாருக்கும் மானம் போவதில்லை. தளை தட்டுவது இந்த வகுப்பில் மட்டும் அசிங்கமில்லை.

இப்போது கைப்பேசியில் 'அவலோகிதம்' போன்ற செயலிகள் இருக்கின்றன. பாட்டை உள்ளிட்டால் அசை பிரித்து, சீர் பெயர் சொல்லி, எந்த இடத்தில் எந்தத் தளை என்று காட்டிவிடும். அதை நாம் தடுப்பதில்லை. இடத்தை அது காட்டும், சொல்லைத் தராது. ஆனால் அண்மைக் காலமாக முழு வெண்பாவையும் இயந்திரமே எழுதித் தருகிறது. கட்டுரையும் தருகிறது. சென்ற பருவத்தில் ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லாத கட்டுரைகள் சில வந்தன. பிழையேட்டில் எழுத அவர்களுக்கு ஒன்றும் இல்லை. வெற்று நோட்டை நீட்டியவர்களின் முகத்தில் பெருமிதம் இருந்தது. வெறுமையாக விடப்பட்ட அந்தப் பழைய விடைத்தாள்தான் நம் நினைவுக்கு வந்தது. அவளும் பிழையின்றித்தான் கொடுத்திருந்தாள்.

பாவூர்ச்சத்திரம் பக்கத்துப் பையன் ஒருவன். கடைசி வரிசை. முந்தைய பருவங்களில் மூன்று தாள் அரியர் வைத்திருந்தவன். அவன் எழுதி வந்த வெண்பா 'தென்காசிச் சாரல் வந்து' என்று தொடங்கியது. தென்காசிச் என்பது தேமாங்காய். சாரல் என்பது தேமா. காய்முன் நேர் வந்திருக்கிறது, சரி. தேமாவுக்குப் பின் நிரையசை வர வேண்டும். 'வந்து' நேரில் தொடங்குகிறது. தளை தட்டிவிட்டது. ஓரத்தில் புள்ளி வைத்தோம். மறுநாள் வந்தான். 'வந்து' போய் 'விழுந்து' வந்திருந்தது. தளை சரி. ஆனால் அவனுக்கே பிடிக்கவில்லை. "சாரல் விழுமா ஐயா? மழைதான விழும்." குற்றாலத்துப் பக்கத்தில் பிறந்தவனுக்குத்தான் இந்த ஐயம் வரும். சூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கு வழியாகக் கொண்டுவந்து வீசுகிற அந்தப் பொடித்தூறலுக்கு மழை என்று நம் ஊரில் யாரும் பெயர் சொல்வதில்லை. அது நனைப்பதே நனைந்த பிறகுதான் தெரியும். நான்கு நாள் கழித்து முதலடியைக் கொண்டுவந்தான்:

தென்காசிச் சாரல் தெறிக்கும் தெருவெல்லாம்

'தெறிக்கும்' நிரையில் தொடங்குகிறது, தளை தட்டவில்லை. தெ, தெ, தெ என்று மோனை தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. 'வந்து' என்ற வெறுஞ்சொல் யாப்பில் இடறாமல் இருந்திருந்தால் இந்தத் 'தெறிக்கும்' பிறந்திருக்காது. வகுப்பில் படித்துக் காட்டியபோது கை தட்டினார்கள். கடைசி வரிசைக்குக் கைதட்டல் கிடைத்தது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். அவன் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தான்.

இரண்டாம் அடி 'பொன்காசாய்' என்று தொடங்கியது. எதுகை மணியாக இருந்தது. ஆனால் பொன்னும் காசும் புணர்ந்தால் பொற்காசு ஆகிவிடும். பொற்காசு என்று எழுதினால் எதுகை போய்விடும். புணர்ச்சியைக் காப்பதா, எதுகையைக் காப்பதா? அவன் ஒரு வாரம் இதோடு அலைந்தான். ஒரு சொல்லுக்காக ஒருவன் ஒரு வாரம் அலைவதைப் பார்ப்பதில் ஆசிரியருக்கு உள்ள இன்பத்தை வெளியே சொன்னால் கொடுமைக்காரர் என்பார்கள்.

இப்படி அலைந்தவர்களில் பெரியவர் உ. வே. சாமிநாதையர். 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த சில மாதங்களில் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்க, அவர் முகம் மலரவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை என்கிறார் ஐயர். கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர், இருபத்தைந்து வயதில், ஒரு முன்சீப்பின் எதிரில் சொன்ன அந்த விடையிலிருந்து எழுந்ததுதான் 1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு. சமண சமயச் செய்திகள் புரியாதபோது கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். பதிப்பித்த பிறகும் விடவில்லை. இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று திருத்திக்கொண்டே இருந்தார். அவர் கையாண்ட ஏடுகளின் நிலையையும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. மெய்க்குப் புள்ளி இராது; எகர ஏகார வேறுபாடு தெரியாது; காலும் ரகரமும் ஒன்று போல இருக்கும். அப்படி எழுதிய எழுத்தர், குற்றம் பொறுத்துப் படிக்குமாறு கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். பிறகு அச்சுப் புத்தகம் வந்தபோது 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு பக்கம் வந்தது. நம்முடைய பிழையேடு அந்தப் பக்கத்தின் பேரப்பிள்ளை.

*

ஆண்டுக்கொரு முறை குற்றாலம். பாடத்திட்டத்தில் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி இருக்கிறது. அதைச் சாக்கிட்டுச் சாரல் காலத்தில் வகுப்பை அங்கே நடத்துவோம். சித்திர சபையைப் பார்த்துவிட்டு ஐந்தருவிப் பக்கம் போய் உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

ஓர் ஆண்டு ஒரு பையன் வந்திருந்தான், பேச்சில் திக்கல். வகுப்பில் அவன் முறை வரும்போது நண்பர்கள் அவனைத் தாண்டிப் போய்விடுவார்கள், இரக்கத்தினால்தான். ஐந்தருவியில் அன்று நீர்வரத்து மிகுதி. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. அவன் முறை வந்தது. எழுந்து நின்றான். வாயசைவு தெரிந்தது. நடுவில் நின்றது; மீண்டும் அசைந்தது. திக்கினானா, மறந்தானா, தப்பாகச் சொன்னானா, யாருக்கும் தெரியாது. அருவி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. முழுப் பாட்டையும் சொல்லி முடித்துவிட்டு, இன்னொன்று சொல்லவா என்று விரலைக் காட்டிக் கேட்டான். மூன்று பாட்டுச் சொன்னான்.

மறுவாரம் வகுப்பில் அவன் முறை வந்தபோது மின்விசிறியைச் சுட்டிக் காட்டினான். நம் கட்டடத்து மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தால் அருவிக்குச் சற்றேதான் குறைவு. வைத்தோம். சொன்னான். திக்கினான்; நின்றான்; மறுபடி சொன்னான். பருவம் முடிவதற்குள் மின்விசிறியின் வேகம் ஐந்திலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது. அதற்குக் கீழே அவன் இறங்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

*

வெண்பாப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. இரண்டாம் ஆண்டின் முடிவில் அவன் நின்றுவிட்டான். அரியர் மூன்று ஐந்தாகியிருந்தது. தந்தைக்கு உடம்பு முடியவில்லை. சென்னையில் துணிக்கடை ஒன்றில் ஊர்க்காரர் ஒருவர் மூலம் வேலை. தங்குமிடமும் சாப்பாடும் கடையிலேயே. தாயார் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். "பொழைக்கப் போறான் சார், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது" என்றார்கள். ஒரே மூச்சில் அந்த இரண்டு சொல்லும் வந்து விழுந்தன. வகுப்பில் சிரிப்பு மூட்டப் பயன்பட்ட அகராதி அந்த அம்மாவின் முன்னால் வாயடைத்து நின்றது. சான்றிதழ் இப்போது வேண்டாம், தாள்களை அங்கிருந்து வந்தே எழுதலாம், அதுவரை இருக்கட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். இவ்விதம் போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. வராதவர்களே கூடுதல்.

இவன் நவம்பரில் இரண்டு நாள் விடுப்புக் கேட்டு வந்து இரண்டு தாள் எழுதினான். ஒன்றில் தேறினான். யாப்புத் தாள் போயிற்று. ஏப்ரலில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

சென்ற வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு அவனிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி. கடை அடைத்த பிறகு எழுதியிருக்க வேண்டும். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. இரண்டு அடி மட்டும் இருந்தது:

தென்காசிச் சாரல் தெறிக்கும் தெருவெல்லாம்
என்காதில் வீழும் இரைச்சல் இங்கு

பொன்காசை விட்டுவிட்டான். எதுகை நிற்கிறது. 'என்' என்ற சொல்லின் ஈறு வல்லினத்தின் முன் திரியாமலும் நிற்கலாம் என்பதற்கு நன்னூலில் இடமுண்டு. அதை அவன் தேடிப் பிடித்தானா, காதுக்குத் தோன்றியதா, தெரியவில்லை. இரைச்சல் புளிமா. அதன் பின் நிரை வர வேண்டும். கடைசிச் சீரில் தளை தட்டுகிறது. இரைச்சலோடு இரண்டெழுத்துச் சேர்த்தால் சரியாகிவிடும். அந்தக் கடைசிச் சொல்லை எடுக்க வேண்டியதில்லை.

அடியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பினோம்.